கொரோனா நிமோனியா, சளி கல்ச்சரில் கேண்டிடா: ஆன்டிபயாடிக்கை ஏன் நிறுத்தினார்கள்?

நிலாமுற்றம்:

அப்பாவுக்கு 68 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. கொரோனா பாசிட்டிவ், இரண்டு பக்கமும் நிமோனியா என்று அட்மிட் செய்து இன்று ஐந்தாவது நாள். வென்டிலேட்டர் இல்லை, மூக்கு வழியாக ஆக்சிஜன் போகிறது, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுகிறார்கள். சேர்த்த அன்றே ஒரு ஆன்டிபயாடிக் ஊசியும் ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம், நிறுத்திடுங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று கேட்க வாய் திறப்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று மதியம்தான் சளி கல்ச்சர் (சளியில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்ப்பது) ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. "கேண்டிடா வளர்ந்துள்ளது, வாய், தொண்டையில் வழக்கமாக இருக்கும் கிருமிகளும் உள்ளன" என்று போட்டிருக்கிறது. கேண்டிடா பூஞ்சை என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அதோடு தூக்கம் போனது. உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் இரத்தப் பரிசோதனையான சிஆர்பி வேறு 140. "பூஞ்சை இருக்குன்னு ரிப்போர்ட்டே சொல்லுது, இவங்க இருக்கிற மருந்தையும் நிறுத்துறாங்க, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம்" என்கிறார் கணவர். அண்ணன் போனில் தினம் ஒரு மருந்தின் பெயரைச் சொல்கிறான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கொரோனாவோடு பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்தே வந்துவிட்டதா? வந்திருந்தால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது தப்பில்லையா? இந்தக் கேண்டிடாதான் எல்லோரும் பயந்த அந்தக் கருப்புப் பூஞ்சையா?

நுண்ணோக்கி:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், இன்றிரவாவது தூங்குங்கள். இல்லை. கேண்டிடா வேறு, கருப்புப் பூஞ்சை வேறு. இரண்டும் பூஞ்சை என்பதைத் தவிரப் பெரிய உறவு கிடையாது.

நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்க்கிறேன். சளி என்று எங்களுக்கு வரும் டப்பாவில் பாதி நாள் இருப்பது எச்சில்தான். மூச்சு வாங்கும் ஆளிடம் டப்பாவைக் கொடுத்துத் துப்பச் சொன்னால் பாவம் அவர் என்ன செய்வார், வாயில் இருப்பதைத் துப்புவார். அதனால் கல்ச்சர் போடுவதற்கு முன்னால் ஒரு துளியை ஸ்லைடில் தடவி, கிராம் சாயம் ஏற்றி, குறைந்த பெரிதாக்கத்தில் பார்ப்போம். அகலமாக, ஓரம் மடங்கிய அப்பளம் மாதிரித் தெரிவது கன்னத்தின் உள்பக்கத் தோல் செல். நடுவில் இரண்டு மூன்று துண்டாக உடைந்த உட்கரு தெரிந்தால் அது சீழ் செல், அதாவது நியூட்ரோபில். ஒரு பார்வைப் புலத்தில் தோல் செல் பத்துக்குக் கீழேயும் சீழ் செல் 25-க்கு மேலேயும் இருந்தால் அது நெஞ்சிலிருந்து வந்த சளி என்று நம்பலாம். தலைகீழாக இருந்தால் அது வாய். அதில் எது வளர்ந்தாலும் நுரையீரலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

கேண்டிடா ஆரோக்கியமாக இருக்கும் பலருடைய வாயிலேயே குடியிருக்கும் ஈஸ்ட். சர்க்கரை, ஸ்டீராய்டு, இரண்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் எல்லாம் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம், கொஞ்சம் பெருகும். சளியில் கேண்டிடா வளர்ந்ததாலேயே நுரையீரலில் கேண்டிடா நிமோனியா என்று யாரும் முடிவு கட்ட மாட்டார்கள், அப்படி ஒரு நிமோனியா மிக மிக அபூர்வம். இரத்தக் கல்ச்சரில் கேண்டிடா வளர்ந்தால் கதை வேறு, அப்போது ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வார்டுக்கு நாங்களே போன் செய்வோம்.

ரிப்போர்ட்டில் கல்ச்சருக்கு மேலே கிராம் ஸ்டெயின் என்று ஒரு வரி இருக்கும். அதில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நேர்ப்பேச்சு:

எல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. 2020-இல் கொரோனா என்றாலே அசித்ரோமைசின் கொடுத்தார்கள், டாக்ஸிசைக்ளின் கொடுத்தார்கள், எங்கள் வீட்டில் நாலு பேரும் சாப்பிட்டோம், நாலு பேரும் பிழைத்தோம். இப்போது 68 வயது சர்க்கரை நோயாளிக்கு இருக்கிற மருந்தை நிறுத்துகிறார்கள். இன்னும் நாலு நாள் போட்டால் என்ன குடிமுழுகிவிடும்? பாக்டீரியா இருந்தால் சாகும், இல்லாவிட்டால் போகட்டும். வெள்ளம் வருவதற்கு முன்னால் அணை போடுவதுதானே புத்தி.

மூச்சுவார்டு:

நெஞ்சக நோய்ப் பிரிவில் டாக்டராக இருக்கிறேன். நிலாமுற்றம், உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்ன மருந்து வேண்டும் வேண்டாம் என்று இங்கே சொல்ல மாட்டேன். அந்த டாக்டர் எந்தக் கணக்கில் நிறுத்தியிருப்பார் என்பதை மட்டும் சொல்கிறேன். நின்று இரண்டு நிமிடம் விளக்கியிருக்கலாம், அது அவர் தப்புதான்.

நேர்ப்பேச்சு சொல்லும் பயம் சும்மா வந்ததில்லை. 1918 இன்ஃபுளுயன்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் எமனாக வந்தது, பாதுகாத்து வைத்திருந்த நுரையீரல் திசுக்களை மறுபடி எடுத்துப் பார்த்து 2008-இல் அதை எழுதினார்கள். அந்தப் பாடம் எங்கள் மண்டையில் ஊறிப்போயிருந்தது. 2020-இல் கொரோனா வந்ததும் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து எல்லோருக்கும் ஆன்டிபயாடிக் எழுதினோம். நானும்தான் எழுதினேன். அப்புறம் கணக்குகள் வர ஆரம்பித்தன. உலக சுகாதார நிறுவனம் 65 நாடுகளில் சுமார் நாலரை லட்சம் நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2024-இல் சொன்னது இது: ஆஸ்பத்திரியில் சேர்ந்த கொரோனா நோயாளிகளில் ஆன்டிபயாடிக் தேவைப்படும் பாக்டீரியா தொற்று இருந்தது 8 சதவீதம் பேருக்குத்தான், ஆன்டிபயாடிக் வாங்கியவர்கள் 75 சதவீதம். எதற்கும் இருக்கட்டும் என்று கொடுத்ததுதான் மிச்சம் எல்லாம்.

அசித்ரோமைசின் கதையும் அதேதான். பிரிட்டனில் ரெக்கவரி என்ற பெரிய ஆய்வில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு அதைக் கொடுத்தும், மீதிப் பேருக்குக் கொடுக்காமலும் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் 28 நாளில் இறந்தவர்கள் 22 சதவீதம். உங்கள் வீட்டில் நாலு பேரும் பிழைத்தது சந்தோஷம், ஆனால் பிழைக்க வைத்தது அந்த மாத்திரை இல்லை.

இதில் முக்கியமானது நாள் கணக்கு. ஆஸ்பத்திரிக்குள் வரும்போதே, அல்லது முதல் 48 மணி நேரத்துக்குள் பாக்டீரியா பிடிபட்டால் அதை உடன்தொற்று என்போம். அதற்குப் பின்னால் வந்தால் இரண்டாம் தொற்று, அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியே கொடுத்த சீர். பிரிட்டனில் கிட்டத்தட்ட 49 ஆயிரம் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், கல்ச்சரில் உறுதியான தொற்றுகளில் 70 சதவீதம் இரண்டாம் நாளுக்குப் பிறகு வந்தவை. கிருமியும் வேறு. வரும்போதே இருந்தவற்றில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஹீமோஃபிலஸ் அதிகம். பின்னால் வந்தவற்றில் குடல் வகைக் கிருமிகள், மறுபடி ஸ்டஃபைலோகாக்கஸ். ஐசியூவில் வென்டிலேட்டரில் நாள் ஆக ஆக கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர் என்று ஆஸ்பத்திரியிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஆட்கள் வருவார்கள்.

இப்போது அணை போடும் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாளிலிருந்து பத்து நாள் ஆன்டிபயாடிக் போட்டால் தொண்டையிலும் குடலிலும் இருக்கும் சாது கிருமிகள்தான் முதலில் சாகும். காலியான இடத்தில் மருந்துக்கு மசியாதவை வந்து உட்காரும். ஒன்பதாம் நாள் உண்மையான தொற்று வரும்போது வருவது அதுதான், அப்போது கையில் மருந்து இருக்காது. அமெரிக்காவில் 2019-ஐ விட 2020-இல் ஆஸ்பத்திரியில் பிடிக்கும் மருந்து எதிர்ப்புத் தொற்றுகளும் அதனால் வந்த சாவுகளும் குறைந்தது 15 சதவீதம் கூடின என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2022-இல் அறிக்கை கொடுத்தது. வயிற்றுப்போக்கு, சிறுநீரகத் தொந்தரவு எல்லாம் தனிக் கணக்கு.

சேர்த்த அன்று ஆரம்பித்தது தப்பில்லை, சந்தேகம் இருந்திருக்கும், வயது, சர்க்கரை. கல்ச்சர் எடுத்துவிட்டு ஆரம்பித்து, 48 மணி நேரம் கழித்து ரிப்போர்ட்டைப் பார்த்துக் காரணம் இல்லையென்றால் நிறுத்துவது, அதுதான் முறை. ஆரம்பிக்க யார் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், நிறுத்தத்தான் துணிச்சல் வேண்டும்.

சிஆர்பி 140-ஐ வைத்துப் பாக்டீரியா என்று சொல்ல முடியாது. கொரோனா தனியாகவே அந்த அளவுக்கு ஏற்றும். புரோகால்சிடோனின் என்று இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அது குறைவாக இருந்தால் பாக்டீரியா இல்லை என்ற பக்கம் தராசு சாயும். கூடுதலாக இருந்தால் மட்டும் அவசரப்படக் கூடாது, சிறுநீரகம் பழுதானாலும் அது ஏறும். அப்பாவுக்கு எடுத்தார்களா என்று கேளுங்கள்.

நிலாமுற்றம்:

ரொம்ப நன்றி டாக்டர், நுண்ணோக்கி உங்களுக்கும். கிராம் ஸ்டெயின் வரியைப் பார்த்தேன், "தோல் செல்கள் 25-க்கு மேல், சீழ் செல்கள் மிகக் குறைவு" என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் அது எச்சில்தானே? இதை வைத்துக்கொண்டா நாங்கள் இரண்டு நாளாக வீட்டில் சண்டை போட்டோம்!

ஆனால் ஒன்பதாம் நாள் என்று டாக்டர் எழுதியதைப் படித்ததும் புதுப் பயம் பிடித்துக்கொண்டது. இனிமேல் வந்தால் எப்படித் தெரியும்? நான் பக்கத்திலேயே இருக்கிறேன், எதைப் பார்க்க வேண்டும்?

இரவுப்பணி:

அக்கா, நான் ஐசியூ நர்ஸ். நீங்கள் கேட்டதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். 2021-இல் வென்டிலேட்டரில் ஒரு அம்மா இருந்தார், கொரோனாதான். எட்டு நாள் மெல்ல மெல்லத் தேறிக்கொண்டிருந்தார், மெஷினில் கொடுக்கும் ஆக்சிஜன் 40 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. ஒன்பதாம் நாள் ராத்திரி சக்ஷன் போட்டுச் சளியை உறிஞ்சும்போது குழாயில் வந்தது மாறியிருந்தது. முந்தின நாள் வரை வெள்ளையாக, நுரையாக, கொஞ்சமாக வரும். அன்று மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாகக் குழாயின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தது, மணிக்கு ஒரு முறை எடுக்க வேண்டியிருந்தது. விடிவதற்குள் கொடுக்க வேண்டிய ஆக்சிஜன் 60-க்குப் போனது. காய்ச்சல் இல்லை! எக்ஸ்ரேயில் வலது கீழ்ப்பக்கம் அதுவரை இல்லாத ஒரு வெள்ளைப் படலம். குழாய் வழியாக எடுத்த சளியில் கிளெப்சியெல்லா. டியூட்டி டாக்டரை எழுப்பிக் காட்டியதால் கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து போனது. அந்த அம்மா வீட்டுக்குப் போனார். எல்லோருக்கும் அப்படி முடிவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் குழாய் இல்லை, அதனால் அந்த அபாயமும் குறைவு. கவனிக்க வேண்டியது, தேறி வந்தவர் திரும்பச் சரிவதைத்தான். குறைந்து வந்த ஆக்சிஜன் தேவை மறுபடி கூடினால், நின்ற காய்ச்சல் திரும்பினால், சளியின் நிறமும் அளவும் மாறினால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசினால் சொல்லுங்கள். கையில் போட்டிருக்கும் ஊசிக் குழாய் இடம் சிவந்து வீங்கினாலும் சொல்லுங்கள், இரத்தத்தில் கிருமி நுழைய அது ஒரு வாசல், யாரும் கவனிக்காத வாசல்.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. தலைமாட்டை உயர்த்தியே வைத்திருக்கச் சொல்லுங்கள், தட்டையாகப் படுக்க வைத்துச் சாப்பாடு கொடுக்காதீர்கள், புரையேறினால் அதுவே ஒரு நிமோனியா. தினம் இரண்டு வேளை பல் துலக்கி வாய் கொப்பளிக்க வையுங்கள், பல்செட் இருந்தால் ராத்திரி கழற்றிக் கழுவுங்கள். அவரைத் தொடும் முன் உங்கள் கையைக் கழுவுங்கள், தொடும் முன் எங்களையும் கழுவச் சொல்லுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மருமகன்:

கருப்புப் பூஞ்சை பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், பயமுறுத்த இல்லை. 2021 மே மாதம் இந்தியாவில் அது பரவலாகி, அறிவிக்க வேண்டிய நோயாக்கச் சொல்லி மாநிலங்களுக்கு மத்திய அரசு எழுதிய அதே நாட்களில் என் மாமனாருக்கு வந்தது. கொரோனா குணமாகி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மேல் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்றார். அடுத்த நாள் அந்தப் பக்கக் கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார், ஷேவ் செய்யும்போது பிளேடு படுவதே தெரியவில்லையாம். ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், நாலு நாள் அதிலேயே போய்விட்டது. ஐந்தாம் நாள் மூக்கிலிருந்து இரத்தம் கலந்த கருஞ்சளி, இமை வீக்கம். வீட்டு மெஷினில் சர்க்கரை 410. ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்ன தேதிக்கு அப்புறமும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூக்குக்குள்ளிருந்து துளி எடுத்து அனுப்பி, அன்று சாயங்காலமே ஸ்லைடு ரிசல்ட் வந்தது. இரண்டு முறை அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்து. மேல் அண்ணத்தின் ஒரு பாதி போய்விட்டது, தகடு வைத்துச் சாப்பிடுகிறார். கண் தப்பியது. அந்த நாலு நாள் மட்டும் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

மூச்சுவார்டு:

மருமகன், எழுதியதற்கு நன்றி. அந்த மரத்துப்போன கன்னத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள், பல்வலி என்று பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

பெயரே ஒரு குழப்பம். அந்தப் பூஞ்சை கருப்பே இல்லை. மியூகோர் வகைப் பூஞ்சைகள் இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும், இரத்தம் போகாத திசு செத்துக் கருப்பாகும், நாம் பார்ப்பது அந்தக் கருப்பை. அதனால்தான் மருந்து மட்டும் போதாது, இரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்? வெட்டி எடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாக ஆஸ்பெர்ஜில்லஸ் என்று ஒன்று உண்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் நுரையீரலில் வரும், தேறாமல் இழுத்துக்கொண்டே போனால் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் கேலக்டோமன்னன் என்ற பூஞ்சைப் பொருள் இருக்கிறதா என்று பார்த்துத் தேடுவோம். உங்கள் அப்பா இருக்கும் நிலையில் அது இப்போதைக்குத் தேவையில்லாத கவலை.

உங்களுக்கு இப்போது கவலை வேண்டியது சர்க்கரை. டெக்ஸாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்படும் நோயாளியின் உயிரைக் காக்கும் மருந்து, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பு சக்தியை அடக்கும். அதிகபட்சம் பத்து நாள் என்ற வரம்பை வீட்டுக்குப் போனபின் யாரும் தாண்டக் கூடாது. அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் என்ற மருந்தைப் போடப் போகிறோம் என்று சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள், அது போட்ட பிறகு பாக்டீரியா வந்தாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம், சிஆர்பி படுத்தே கிடக்கும். இரவுப்பணி சொன்னது போல ஆளைத்தான் பார்க்க வேண்டும், நம்பரை இல்லை.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தம் கொஞ்சம் குறைவுதான். மண்ணில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுத்ததும் அது பெருகிக் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு, குடல் பாக்டீரியாவையும் முதுகில் ஏற்றிக்கொண்டு இரத்தத்துக்குள் போகும். காரணம் தெரியாமல் இரத்தத்தில் குடல் கிருமி வளர்ந்தால் அதையும் நினைக்க வேண்டும்.

நேர்ப்பேச்சு:

சரி டாக்டர், அந்த 8, 75 கணக்கு யோசிக்க வைக்கிறது. ஆனாலும் அந்த எட்டுப் பேரில் என் அப்பா ஒருவராக இருந்தால் என்ற கேள்வி வீட்டு ஆட்களுக்கு வரத்தான் செய்யும், அதை நீங்கள் குறை சொல்ல முடியாது.

மூச்சுவார்டு:

குறை சொல்லவே இல்லை. அந்த எட்டுப் பேரைக் கண்டுபிடிக்கத்தான் கல்ச்சர். எல்லோருக்கும் மருந்தை ஊற்றிவிட்டு அப்புறம் கல்ச்சர் எடுத்தால் அந்த எட்டுப் பேரும் மறைந்துவிடுவார்கள்.

நிலாமுற்றம்:

இன்று காலை ரவுண்ட்ஸில் வழி மறித்துக் கேட்டுவிட்டேன். முதல் நாள் எடுத்த இரத்தக் கல்ச்சர் இரண்டு பாட்டிலிலும் ஒன்றும் வளரவில்லை, புரோகால்சிடோனின் 0.1, அதனால்தான் நிறுத்தினேன் என்றார். இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்திருக்கும். சர்க்கரை சார்ட்டைக் காட்டச் சொன்னேன், ராத்திரி 310 என்று இருந்தது, இன்சுலின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். கணவர் ஆஸ்பத்திரி மாற்றும் பேச்சை விட்டுவிட்டார். அண்ணன் விடவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். முதல் சளி எச்சிலாகப் போய்விட்டது, அப்படியானால் மறுபடி ஒரு நல்ல சாம்பிள் அனுப்பச் சொல்லலாமா?

நுண்ணோக்கி:

அப்பா இப்போது இருப்பது போலவே இருந்தால் வேண்டாம், தேடினால் எதாவது வளரும், மறுபடி தூக்கம் போகும். இரவுப்பணி சொன்ன மாற்றம் ஏதாவது தெரிந்து டாக்டர் கேட்டால் மட்டும். அப்போது காலையில் பல் துலக்கி, வெறும் தண்ணீரில் இரண்டு முறை நன்றாகக் கொப்பளிக்க வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு மூன்று தரம் ஆழமாக மூச்சு இழுத்து அடியிலிருந்து இருமி எடுக்கட்டும், ஒரு ஸ்பூன் அளவு போதும். டப்பாவை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், இரண்டு மணி நேரத்துக்குள் எங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.